மோரிஸ் மைனரில் மீட்டர் விளக்கு மங்கினால்: பழுதைக் கண்டறிந்து சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மோரிஸ் மைனர் 1000 காரில் ஓட்டுநருக்கு நேர் எதிரே மீட்டர் இருக்காது. டேஷ்போர்டின் நட்டநடுவில் ஒரே ஒரு வட்ட மீட்டர்தான் இருக்கும். வேகம், ஓடிய தூரம், பெட்ரோல் அளவு, எச்சரிக்கை விளக்குகள் எல்லாமே அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் அதன் பின்புறம் செருகியிருக்கும் சின்னஞ்சிறு பல்புகள் அணைந்துவிட்டால், இருட்டிய பிறகு வண்டி என்ன வேகத்தில் போகிறது, டாங்கில் எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று எதுவுமே தெரியாமல்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

என் காரில் இந்தப் பழுது ஓராண்டுக்கும் மேல் நீடித்தது. பல்புகளை மூன்று முறை மாற்றினேன். ஒரு பட்டறையில் டேஷ்போர்டுக்கு அடியில் புதிய வயர் இழுத்துக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் எரிந்துவிட்டு மீண்டும் மங்கியது. கடைசியில் மீட்டரின் தகர உடலையும் கார் உடலையும் இணைத்து மின்சுற்றை முழுமையாக்கும் கறுப்பு எர்த் வயரின் வளையத்தைக் கழற்றிப் பார்த்தபோது, அதற்கு அடியில் பழுப்புத் துரு ஒரு நாணயம்போல வட்டமாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கித் திரும்பப் பூட்டியதும் பழைய பல்புகளே பளிச்சென்று எரிந்தன. பழைய கார்களின் மீட்டர் விளக்குப் பழுதுகளில் பல்பைவிட எர்த்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதையும், ஊகித்து மாற்றுவதைவிட மின்சாரம் போகும் வழியை வரிசையாகத் தொடர்ந்து போவதே விரைவான வழி என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத்தான் சொல்கிறது.

1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மைனரிலும், அதே காலத்து மற்ற பிரிட்டிஷ் கார்களிலும் மின்சாதனங்கள் பெரும்பாலும் லூகாஸ் தயாரிப்பு. வயர் நிறங்களும் ஒரே முறையைப் பின்பற்றுபவை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் சீரிஸிலிருந்து உருவான நம் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்லும் சோதனை முறை உதவும். ஆனால் பல கைகள் மாறிய வண்டியில் வயரின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. டெஸ்ட் லேம்பு காட்டுவதையே நம்ப வேண்டும்.

தொடங்கும் முன்

தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை. 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைப் பற்றவைத்து, ஒரு முனையில் முதலைக் கிளிப்பும் மறு முனையில் கூரான ஊசியும் பொருத்தினால் டெஸ்ட் லேம்பு தயாராகிவிடும். இதனுடன் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், இரு முனைகளிலும் கிளிப் உள்ள ஒரு மீட்டர் நீள வயர், 400 எண் உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர், நெற்றியில் மாட்டிக்கொள்ளும் டார்ச் ஆகியவை இருந்தால் போதும். மல்டிமீட்டர் இருக்க டெஸ்ட் லேம்பு எதற்கு என்று கேட்கலாம். மல்டிமீட்டர் மிக மிகக் குறைந்த மின்னோட்டத்தில் இயங்குவதால், ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் முழு 12 வோல்ட்டைக் காட்டிவிடும். டெஸ்ட் லேம்போ அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுப்பதால், அந்த வயரால் உண்மையில் சுமை தாங்க முடியுமா என்பதைச் சொல்லிவிடும்.

அடுத்து, பேட்டரியைப் பாருங்கள். மைனர் தொழிற்சாலையிலிருந்து பாசிட்டிவ் எர்த் முறையில் வந்த வண்டி. அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் கார் உடலோடு இணைந்திருக்கும். இன்று சாலையில் ஓடும் பல வண்டிகள் ஆல்டர்னேட்டர் (டயனமோவுக்குப் பதிலாக பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) அல்லது ரேடியோவுக்காக நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. உங்கள் வண்டியில் எந்த முனை உடலுக்குப் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாதாரண இழை பல்புக்கும் டெஸ்ட் லேம்புக்கும் இந்த வேறுபாடு தெரியாது. மல்டிமீட்டருக்கும் எல்இடி பல்புக்கும் தெரியும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் மல்டிமீட்டரின் சிவப்பு முனையை உடலிலும் கறுப்பு முனையை வயரிலும் வைத்தால்தான் அளவு நேராகக் காட்டும். நன்கு சார்ஜ் ஆன பேட்டரி, எஞ்சின் ஓடாத நிலையில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் அதை சார்ஜ் செய்யுங்கள். பேட்டரி சோர்ந்திருக்கும்போது எடுக்கும் எந்த அளவும் உங்களைக் குழப்பவே செய்யும்.

மீட்டரின் பின்புறம் கை விடுவதற்கு முன், பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட வேண்டும். மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றி வையுங்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், மைனரின் ஃபியூஸ் பெட்டியில் இரண்டே ஃபியூஸ்கள்தான் உண்டு. சைடு லைட், டெயில் லைட், மீட்டர் விளக்கு ஆகியவற்றுக்கான சிவப்பு வயர் அந்த இரண்டின் வழியாகவும் போவதில்லை. தோல் உரிந்த சிவப்பு வயர் கார் உடலில் உரசினால் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. வயர்க்கட்டு முழுவதும் உருகும், தீயும் பிடிக்கலாம்.

மின்சாரம் போகும் வழி

பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் பழுப்பு நிற வயர் வழியாக விளக்கு சுவிட்சுக்கு வருகிறது. சுவிட்சை முதல் நிலைக்குத் தள்ளியதும் அது சிவப்பு வயருக்குப் பாய்கிறது. அந்தச் சிவப்பு வயரே கிளை பிரிந்து முன்பக்க சைடு லைட்டுகளுக்கும், டெயில் லைட்டுகளுக்கும், நம்பர் பிளேட் விளக்குக்கும், மீட்டர் விளக்குக்கென்று தனியாக இருக்கும் சிறிய சுவிட்சுக்கும் போகிறது. அந்தச் சிறிய சுவிட்சிலிருந்து வெளியேறும்போது அதன் நிறம் சிவப்பில் வெள்ளைக் கோடாக மாறும். அது பல்பு ஹோல்டரின் நடு முனைக்குச் சென்று, பல்பின் இழை வழியாக ஹோல்டரின் உலோக உறைக்கும், அங்கிருந்து மீட்டரின் தகர உடலுக்கும், கறுப்பு வயர் வழியாகக் கார் உடலுக்கும் போய்ச் சேர்கிறது. பாசிட்டிவ் எர்த் வண்டியில் ஓட்டத்தின் திசை எதிராக இருக்கும் என்றாலும், கடக்கும் இடங்கள் இவையேதான்.

இந்த வழியில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சுவிட்சின் உட்புறத் தொடுமுனைகள், கறுப்பு ரப்பர் குழாய்க்குள் வயர்களை இணைக்கும், குண்டு வடிவ முனை கொண்ட புல்லட் கனெக்டர்கள், ஹோல்டரின் ஸ்பிரிங், பல்பின் அடியில் உள்ள ஈயப் பொட்டு, ஹோல்டர் மீட்டரைத் தொடும் விளிம்பு, எர்த் வளையம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் தொலைந்தால் பல்பு அணையாது, மங்கும். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட் கிடைத்தாலே வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வண்டி வயதாகிவிட்டதால் மீட்டர் மங்கலாகத்தான் இருக்கும் என்று பலர் விட்டுவிடுவது, பெரும்பாலும் இந்த இரண்டு வோல்ட் இழப்பைத்தான்.

கருவியைத் தொடும் முன் விளக்குகளைக் கவனியுங்கள்

இருட்டிய பிறகு, வண்டியை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். விளக்குகள் எரியும் விதமே பழுதின் இடத்தைப் பாதி சொல்லிவிடும்.

சைடு லைட்டும் டெயில் லைட்டும் சேர்ந்தே எரியவில்லை என்றால் பழுது மீட்டரில் இல்லை. விளக்கு சுவிட்சிலோ அதற்கு முந்தைய பழுப்பு வயரிலோ இருக்கிறது. அவை நன்றாக எரிந்து மீட்டர் மட்டும் இருண்டிருந்தால், சிறிய சுவிட்சுக்கும் மீட்டருக்கும் இடையில் தேட வேண்டும். ஒரு பல்பு எரிந்து மற்றொன்று எரியாவிட்டால், பல்பு அல்லது அதன் ஹோல்டர். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் சிமிட்டினால் தளர்ந்த ஹோல்டர், தளர்ந்த எர்த், அல்லது ரப்பர் குழாய்க்குள் நழுவிய புல்லட்.

இவற்றையெல்லாம்விடச் சுவாரசியமான அறிகுறி ஒன்று உண்டு. ஹெட்லைட்டை ஹைபீமில் போடாதபோதே, சைடு லைட் போட்ட உடன் ஹைபீம் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, மீட்டர் விளக்குகள் மங்கலாக எரிகின்றன, ஹைபீம் போட்டதும் இரண்டுமே அணைந்துவிடுகின்றன என்றால், மீட்டரின் எர்த் முழுவதுமாக அறுந்துவிட்டது என்று தயங்காமல் முடிவு செய்யலாம். காரணம் எளிது. மீட்டர் விளக்கும் ஹைபீம் எச்சரிக்கை விளக்கும் ஒரே தகர உடல் வழியாகத்தான் எர்த்தை அடைகின்றன. அந்த எர்த் இல்லாதபோது, மீட்டர் பல்பைக் கடந்த மின்சாரம் வேறு வழி தேடி, ஹைபீம் எச்சரிக்கை பல்புக்குள் பின்புறமாக நுழைந்து, நீலத்தில் வெள்ளைக் கோடிட்ட வயர் வழியாக முன்னே சென்று, ஹெட்லைட்டின் ஹைபீம் இழை வழியாகக் கார் உடலை அடைகிறது. ஹைபீம் போட்டவுடன் அந்த வயரிலும் 12 வோல்ட் வந்துவிடுவதால், திருட்டு வழியும் அடைபட்டு எல்லாம் இருண்டுவிடுகின்றன. இந்த அறிகுறியைக் கண்டு, ஹைபீமுக்கும் லோபீமுக்கும் மாற்றும் டிப்பர் சுவிட்சை மாற்றியவர்களை நான் அறிவேன். பாவம், அந்தச் சுவிட்சில் ஒரு குறையும் இல்லை.

முதல் படி: எர்த்

பேட்டரியை மீண்டும் இணைத்து, மீட்டர் விளக்கைப் போட்டுவையுங்கள். இரு முனையிலும் கிளிப் உள்ள வயரின் ஒரு முனையை, பெயின்ட் இல்லாத நல்ல உலோகத்தில், முடிந்தால் பேட்டரியின் எர்த் முனையிலேயே பூட்டுங்கள். மறு முனையால் மீட்டரின் பின்புறத் தகர உடலைத் தொடுங்கள். விளக்கு பளிச்சென்று ஏறினால் பழுது கிடைத்துவிட்டது. இதற்கு மேல் எதையும் கழற்ற வேண்டியதில்லை.

எண்ணாகப் பார்க்க விரும்பினால், மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை மீட்டர் உடலிலும் வையுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். அணைந்திருக்கும்போது எடுத்த அளவுக்குப் பொருளே இல்லை. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் அந்த எர்த்தைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

சுத்தம் செய்வது என்றால் நட்டை இறுக்குவது அல்ல. வளையத்தின் இரு பக்கமும், வாஷரும், அது அமரும் தகரமும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாகத் தெரிய வேண்டும். வண்டியை முழுதாக பெயின்ட் அடித்தபோது எர்த் பாயின்ட் மேலும் பெயின்ட் அடித்திருப்பார்கள். அழகான வண்டிகளில் மின்பழுது அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பூட்டிய பிறகு மேலே மெல்லியதாக வாசலின் தடவினால் கடற்காற்றும் மழைக்கால ஈரமும் உள்ளே போகாது. கறுப்பு வயரே நைந்திருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில் புதிதாக ஒன்று செய்து மீட்டரிலிருந்து நேராக நல்ல எர்த்துக்குக் கொண்டுபோங்கள். என் கருத்தில் பழைய எர்த் நன்றாக இருந்தாலும் இப்படி இரண்டாவது ஒன்று போட்டுவைப்பது நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்பீடோமீட்டர் கேபிளின் வெளி உறையும் உலோகம்தான். எர்த் வயர் அறுந்த வண்டியில் அந்தக் கேபிளே அரைகுறை எர்த்தாக வேலை செய்துகொண்டிருக்கும். சோதிப்பதற்காகக் கேபிளைக் கழற்றி மீட்டரை வெளியே இழுத்தவுடன் எல்லா விளக்கும் அணைந்து, புதிதாக ஏதோ கெட்டுவிட்டது என்று பதற வைக்கும். மீட்டரை வெளியே எடுத்துச் சோதிக்கும்போது கிளிப் வயரால் அதன் உடலைக் கார் உடலோடு இணைத்துவிட்டே சோதியுங்கள்.

இரண்டாம் படி: பல்பும் ஹோல்டரும்

ஹோல்டர் மீட்டரின் பின்புறத் துளையில் வெறுமனே செருகித்தான் இருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல் ஹோல்டரின் உலோக உறையைப் பிடித்து, லேசாகத் திருகியபடி இழுத்தால் வந்துவிடும். கையெட்டினால் மீட்டரைக் கழற்றவே தேவையில்லை. வேறு பழைய கார்களில் எண்ணெய் அழுத்த மீட்டருக்கு மெல்லிய குழாயும், வெப்ப மீட்டருக்கு நுண்குழாயும் பின்னால் வரும்; அவற்றை மடக்கினாலோ ஒடித்தாலோ சரிசெய்வது பெரும்பாடு. மைனரில் அந்தக் கவலை இல்லை.

இதற்கான பல்பு 12 வோல்ட் 2.2 வாட், ஈ10 என்ற பத்து மில்லிமீட்டர் மரை கொண்டது. லூகாஸின் பழைய எண் 987. இந்த மரை டார்ச் லைட் பல்பின் மரையேதான் என்பதால் ஏமாற இடமுண்டு. டார்ச்சுக்கான 2.5 வோல்ட் பல்பைப் போட்டால் நொடியில் புகைந்துபோகும். சைக்கிள் டயனமோவுக்கான 6 வோல்ட் பல்பு கொஞ்ச நேரம் கண்ணைப் பறிக்கும்படி எரிந்துவிட்டுப் போகும். 24 வோல்ட் பைலட் லேம்பைப் போட்டால் மின்மினிபோல எரியும், நீங்கள் வயரிங்கில் பழுது தேடிக்கொண்டிருப்பீர்கள். வாங்கும்போது பல்பின் கழுத்தில் பொறித்திருக்கும் எண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். வெளிச்சம் போதவில்லை என்று 5 வாட் பல்பு போடுவதையும் நான் ஏற்கமாட்டேன்; காற்றோட்டமில்லாத அந்தச் சிறு அறைக்குள் சூடு ஏறி டயலின் பெயின்ட் பழுத்துவிடும்.

பழைய பல்பைக் கழற்றி, கண்ணாடியைப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளிபோலவோ கரியாகவோ பூச்சு படிந்திருந்தால், இழை அறுந்திராவிட்டாலும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பிறகு அடிப்பொட்டைப் பாருங்கள். பல ஆண்டு அதிர்வில் ஈயப் பொட்டு நசுங்கித் தட்டையாகி, மேலே சாம்பல் நிற ஆக்சைடு படிந்திருக்கும். உப்புத்தாளில் இரண்டு முறை தேய்த்தால் புதிதுபோலப் பளபளக்கும். ஹோல்டருக்குள் நடுவில் இருக்கும் பித்தளை நாக்கு ஸ்பிரிங் இழந்து படுத்திருந்தால், பேட்டரி முனை கழற்றியிருக்கும்போது, சிறிய திருப்புளியால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நிமிர்த்திவிடுங்கள். அதிகமாக நிமிர்த்தினால் பல்பின் உறையைத் தொட்டு ஷார்ட் ஆகும். கடைசியாக, ஹோல்டரின் வெளி விளிம்பையும் அது செருகும் துளையின் விளிம்பையும் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். எர்த் அங்கேதான் கிடைக்கிறது. ஹோல்டர் துளையில் தளர்வாக ஆடினால், அதன் பக்கவாட்டு ஸ்பிரிங் இதழ்களைச் சற்றே விரித்துவிட்டால் இறுக்கமாக அமரும்.

மல்டிமீட்டரில் ஓம் பார்த்து பல்பைச் சோதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கணக்குப்படி இந்தப் பல்பு எரியும்போது 65 ஓம் காட்ட வேண்டும். ஆனால் இழை குளிர்ந்திருக்கும்போது சில ஓம்தான் காட்டும். அதைப் பார்த்து ஷார்ட் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: ஹோல்டருக்கு மின்சாரம் வருகிறதா

டெஸ்ட் லேம்பின் கிளிப்பை நல்ல எர்த்தில் மாட்டி, ஊசியை ஹோல்டரின் நடு நாக்கில் வையுங்கள். விளக்கு சுவிட்சும் மீட்டர் சுவிட்சும் போட்டிருக்க வேண்டும். ஊசி ஹோல்டரின் நாக்கையும் உறையையும் ஒருசேரத் தொட்டுவிடாமல் கவனமாகப் பிடியுங்கள். லேம்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் வயரிங் சரி. மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ பின்னோக்கிப் போக வேண்டும்.

முதலில் மீட்டர் சுவிட்ச். ஆண்டுக்கணக்கில் தொடாமல் ஒரே நிலையில் விடப்படுவதாலேயே இது கெடுகிறது. சிவப்பு வரும் முனையையும், சிவப்பு-வெள்ளை போகும் முனையையும் சிறு வயரால் இணைத்துப் பாருங்கள். விளக்கு வந்துவிட்டால் சுவிட்சுதான் குற்றவாளி. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது, முப்பது முறை போட்டு அணைத்தால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். எம்ஜிபி போன்ற கார்களில் இந்த இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட் இருக்கும். அதன் சுருளில் ஆக்சைடு படிந்தால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் எரியும். முழுச் சுற்று முன்னும் பின்னுமாகப் பலமுறை திருப்புவதே அதற்கு முதல் வைத்தியம்.

சுவிட்சுக்கே சிவப்பு வயரில் மின்சாரம் வரவில்லை, ஆனால் டெயில் லைட் எரிகிறது என்றால், இடையில் ஒரு புல்லட் கனெக்டர் விட்டுப்போயிருக்கிறது. ரப்பர் குழாயை விரலால் தடவிப் பார்த்தால் எது கெட்டது என்று தெரியாது. இழுத்துப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். உள்ளே பச்சைப் பொடி இருந்தால் அது செம்பின் களிம்பு. புல்லட்டைத் தேய்த்து மின்னவைத்து, குழாய்க்குள் இருக்கும் உலோக உறையை இடுக்கியால் லேசாக அழுத்தி இறுக்கி, மீண்டும் செருகுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் கனெக்டரையே மாற்றுவது நல்லது. இன்சுலேஷன் டேப் சுற்றி விடுவது வேண்டாம். நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி வழிந்து, தூசியைப் பிடித்து, ஓராண்டில் அவிழ்ந்துவிடும்.

சைடு லைட்டும் சேர்ந்து மங்கினால் விளக்கு சுவிட்சின் இரு முனைகளுக்கு இடையே, அதாவது பழுப்புக்கும் சிவப்புக்கும் இடையே, விளக்குகள் எரியும்போது வோல்டேஜ் பாருங்கள். சுத்தமான சுவிட்சில் ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்டும். அரை வோல்ட் காட்டினால் உள்ளே தொடுமுனைகள் கருகியிருக்கின்றன. பத்து நிமிடம் விளக்கைப் போட்டுவைத்து, சுவிட்சின் உடலைத் தொட்டால் கதகதப்பாக இருப்பதும் இதையே சொல்லும். அத்தகைய சுவிட்சை மாற்றிவிட வேண்டும். தீப்பிடிக்க இடமளிக்கும் பொருளில் சிக்கனம் பார்ப்பதற்கில்லை.

பழைய வண்டிகளில் வயரின் மேலே துணிப் பின்னல் இருக்கும். நிறம் முழுவதும் மங்கி எல்லாமே பழுப்பாகத் தெரியும். கிளிப்புக்கு அடியிலோ ரப்பர் குழாய்க்குள்ளோ மறைந்திருந்த பகுதியை ஈரத்துணியால் துடைத்தால் உண்மையான நிறம் தெரியும். அந்தப் பின்னல் கையில் உதிர்ந்தால் ஒரு வயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. வயர்க்கட்டையே மாற்றத் திட்டமிடுங்கள்.

எச்சரிக்கை விளக்குகள் வேறு வழியில் போகின்றன

இக்னிஷன் விளக்கும் ஆயில் விளக்கும் அதே மீட்டருக்குள் இருந்தாலும், அவற்றுக்கு மீட்டர் உடல் எர்த் அல்ல. இரண்டுக்கும் சாவியைத் திருப்பினால் வரும் வெள்ளை வயரே மின்சாரம் தருகிறது. ஆயில் விளக்கின் மறு முனை வெள்ளையில் பழுப்புக் கோடிட்ட வயர் வழியாக எஞ்சினில் உள்ள அழுத்த சுவிட்சுக்குப் போகிறது. இக்னிஷன் விளக்கின் மறு முனை, பேட்டரியை சார்ஜ் செய்யும் டயனமோவுக்குப் போகிறது. அதனால் மீட்டர் விளக்கு அணைந்து இவை இரண்டும் வழக்கம்போல எரிந்தால், எர்த் மீதான சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

சாவியைத் திருப்பியும் ஆயில் விளக்கு எரியவில்லை என்றால், அழுத்த சுவிட்சில் இருக்கும் வயரைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள். எரிந்தால் பல்பு நலம், சுவிட்ச் கெட்டது. மாறாக, எஞ்சின் ஓடும்போதும் அணையாமல் எரிந்தால் அதை மின்பழுது என்று எண்ணி ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே எஞ்சினை நிறுத்தி எண்ணெய் அளவைப் பாருங்கள். எண்ணெய் சரியாக இருந்தால், தனி அழுத்த மீட்டரைப் பொருத்தி உண்மையான அழுத்தத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

இக்னிஷன் விளக்கு இரண்டு வோல்டேஜ்களை ஒப்பிட்டுக் காட்டும் தராசு போன்றது. ஒரு பக்கம் பேட்டரி, மறு பக்கம் டயனமோ. இரண்டும் சமமானால் அணைந்துவிடும். ஓடும்போது மங்கலாக எரிந்தால் சமநிலை இல்லை என்று பொருள்: ஃபேன் பெல்ட் தளர்வு, டயனமோவின் கார்பன் பிரஷ் தேய்வு, டயனமோவை பேட்டரியுடன் இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட்டின் முனைகளில் கரி, அல்லது வயர் இணைப்பில் இழப்பு. சாவி போட்டும் எரியாவிட்டால், டயனமோவின் பெரிய முனையில் உள்ள வயரைக் கழற்றி உடலில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் வயரும் பல்பும் நலம், டயனமோவின் பிரஷ்களைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளில் எஞ்சின் ஓடாமல் சாவியை நெடுநேரம் போட்டுவைக்காதீர்கள். இக்னிஷன் காயில் சூடேறிக் கெட்டுவிடும். சில நிமிடங்கள் போதும்.

பெட்ரோல் முள் ஆடாமல் நிற்பதும் விளக்கு எரியாததும் ஒரே நாளில் நடந்தாலும், அவற்றைத் தனித்தனிப் பழுதுகளாகவே பாருங்கள். முள்ளுக்கு மின்சாரம் பச்சை வயரில், ஃபியூஸ் வழியாக வருகிறது. முன்பு சொன்ன இரண்டு ஃபியூஸ்களும் 35 ஆம்பியர் என்று குறிக்கப்பட்டவை. லூகாஸ் கணக்கில் 35 என்பது உருகும் அளவு; தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர்தான். இன்று கடையில் 35 என்று கேட்டு வாங்கும் ஃபியூஸ் தொடர்ந்து 35 தாங்குவதாக இருந்தால், ஃபியூஸ் உருகுவதற்கு முன் வயர் உருகிவிடும்.

எல்இடி போடலாமா

மீட்டர் விளக்குக்கு மட்டும் போடலாம்; ஆனால் முதலில் பழுதைச் சரிசெய்த பிறகு. எல்இடி மிகக் குறைந்த மின்னோட்டத்தில் எரிவதால் கெட்ட எர்த்திலும் ஓரளவு எரிந்து பழுதை மறைத்துவிடும். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு, இரு திசையிலும் எரியும் வகையோ பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்யப்பட்ட வகையோதான் பொருந்தும், சாதாரணமானது எரியாது. நீலச்சாயல் உள்ள வெள்ளை எல்இடி இந்தப் பழைய டயலில் கண்ணை உறுத்தும். மஞ்சள் சாயல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இக்னிஷன் விளக்கில் மட்டும் எல்இடி வேண்டவே வேண்டாம். ஆல்டர்னேட்டருக்கு மாற்றிய வண்டிகளில் அந்த பல்பு வழியாகப் போகும் மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்இடியின் வழியாகப் போகும் அற்ப மின்னோட்டம் அதற்குப் போதாமல் போகலாம்.

வெளிச்சத்தைக் கூட்ட இன்னொரு நல்ல வழி இருக்கிறது. எல்லா அளவும் சரியாக இருந்தும் டயல் மங்கலாகத் தெரிந்தால், மீட்டரின் உட்சுவரைப் பாருங்கள். வெளிச்சத்தைப் பரப்புவதற்காக அடித்த வெளிர்நிற பெயின்ட் பழுத்து அழுக்கேறியிருக்கும். மீட்டரைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, உட்சுவருக்கு மட்டும் வெள்ளை பெயின்ட் அடித்தால் அதே 2.2 வாட் பல்பு வியக்கும்படி எரியும். டயலையும் முள்ளையும் பெட்ரோலாலோ தின்னராலோ துடைக்கக் கூடாது; எழுத்து கரைந்து வந்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது

வேலை முடிந்த கையோடு, விளக்கு சுவிட்சிலிருந்து வெளியேறும் சிவப்பு வயரில் ஒரு இன்லைன் ஃபியூஸ் ஹோல்டரைச் சேர்த்துவிடுங்கள். சைடு, டெயில், நம்பர் பிளேட், மீட்டர் எல்லாம் சேர்ந்தாலும் சுமை 3 ஆம்பியர் அளவுதான். எனவே 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போதும். தொழிற்சாலை அன்று செய்யாமல் விட்டதை நாம் இப்போது செய்வதில் வண்டியின் பழமைக்கு எந்தக் குறையும் வராது. பழைய வயரை வெட்டாமல், புல்லட் கனெக்டர் இருக்கும் இடத்தில் இடையே செருகினால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்.

மீட்டருக்குப் பின்னால் வயர்கள் கூரான தகர விளிம்பில் உரசாமலும், ஸ்பீடோமீட்டர் கேபிள் கூர்மையாக மடங்காமலும் பார்த்துப் பூட்டுங்கள். கேபிளின் நட்டைக் கையால் இறுக்கினால் போதும். பேட்டரி முனையை இணைத்து, சைடு லைட், லோபீம், ஹைபீம் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, ஹைபீம் எச்சரிக்கை விளக்கு ஹைபீமில் மட்டும் எரிகிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு எல்லா விளக்கையும் போட்டபடி, முன்பு செய்ததுபோலவே பேட்டரி எர்த்துக்கும் மீட்டர் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, கிடைத்த எண்ணைத் தேதியுடன் எழுதிவையுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள்.